குறுக்கே வராத அக்கா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் அது தன் லைன் இல்லை என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, நம் குடும்பக் குரூப்புக்கு ஒரு மியூசிக் பாட் செய்து கிளவுடில் ஏற்றப்போகிறேன் என்று சொன்னபோது நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அதற்கு முதல் பலி நான்தான்.

விஷயம் இதுதான். எங்கள் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வாய்ஸ் சாட்டில் சேர்ந்து பேசுவோம். அந்தப் பேச்சுக்குள் ஓர் ஆளைப்போல நுழைந்து, யார் எந்தப் பாட்டை எழுதிக் கேட்டாலும் எல்லோர் காதிலும் விழும்படி போடுகிற புரோகிராம்தான் இந்த பாட். நாலு வீடியோ பார்த்துவிட்டு, யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகப் போட்டுவைத்திருந்த புரோகிராமை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"அங்க இப்ப யாரும் பேசறதே இல்லையே. பாட்டாவது ஓடட்டும்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. அதற்குக் காரணம் நானும் என் தங்கச்சியும் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பாதியும் அவளுடையது.

வீட்டின் முன்னறையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு கவுன் தைத்தது நான்தான். ஒரு பைசா வாங்கவில்லை, கண் எரிய எரிய உட்கார்ந்து தைத்தேன். கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, போட்டோக்காரர் சிரிக்கச் சொன்ன நேரத்தில், பெண்ணின் முதுகில் ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. யாரோ ஓடிவந்து சால்வையால் மூடினார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் தங்கச்சி, "எங்க அக்கா அளவெடுத்த லட்சணம் பாருங்க" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என்ன ஆயிற்று என்று ஜிப்பைப் புரட்டிப் பார்க்கக்கூட நிற்காமல், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே மண்டபத்தைவிட்டு வெளியே வந்தேன். அவளாக வாயைத் திறக்கும்வரை நான் திறப்பதில்லை என்று சபதம். அவளும் அதையே சொன்னாளாம். நிறம், உயரம், குரல் எதிலும் ஒற்றுமை இல்லாத எங்கள் இருவருக்கும் பிடிவாதத்தை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. அதை நான் இன்னும் தூக்கவில்லை. குரூப்பில் வரும் போட்டோவில்தான் பார்க்கிறேன். போட்டோவைப் பெரிதாக்கி, தோள் எவ்வளவு இருக்கும், கை எவ்வளவு இருக்கும் என்று விரலால் அளந்து பார்த்திருக்கிறேன். ஊரில் உள்ளவர்கள் குழந்தைக்கெல்லாம் சட்டை தைக்கிற கை, சொந்தத் தங்கச்சி பேத்திக்கு ஒரு துண்டுத் துணி வெட்டவில்லை என்பது எனக்கு ரொம்ப வலித்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சபதம் என்ன ஆவது?

ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் அண்ணன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் டயர் கடை வைத்திருக்கிறார். வாய்ஸ் சாட்டில் முதலில் தங்கச்சி வருவாள், பேசுவாள், போய்விடுவாள். அவள் போனதும் அண்ணன் எனக்கு ஒரு டயர் படம் அனுப்புவார். அதன்பிறகு நான் நுழைவேன். ஒருத்தி உள்ளே இருந்தால் இன்னொருத்தி வாசல்படி மிதிக்கமாட்டாள். பாவம், அண்ணன் ஒரே சளிக் காய்ச்சலை இரண்டு தடவை விசாரிப்பார். மற்றவர்கள் வாயைத் திறந்தால் எங்கே எதைக் கிளறிவிடுவோமோ என்று மியூட்டிலேயே இருந்துவிட்டுப் போவார்கள்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் தன் மெஷினைக் கொண்டுவந்து நுழைத்தார்.

பாட் என்று பதிவு செய்த கணக்கு எழுத்தில் பதில் சொல்லுமாம், ஆனால் வாய்ஸ் சாட்டுக்குள் போய் உட்கார அதற்கு அனுமதி இல்லையாம். உட்காருவதற்கு மனுஷர் பெயரில், போன் நம்பரோடு ஒரு கணக்கு வேண்டும். பாட் அந்தக் கணக்கின் தோளில் ஏறிக்கொண்டு உள்ளே போகும். ஏதாவது கோளாறு என்றால் அந்தக் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்பதால் தன் நம்பரைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. என்னிடம் இன்னொரு நம்பர் இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்காக வைத்திருந்த பழைய போன், பட்டன் டப்பாவோடு டிராயரில் கிடந்தது. என் நம்பர் போனால் போகட்டும் என்று நினைத்திருக்கிறார், பாருங்கள்.

நான் ஒரு பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போனில் ஒரு நம்பர் வந்திருக்கும், படி என்றார். படித்தேன். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று பேங்கில் சொல்வார்கள்தான், ஆனால் கட்டிய புருஷனுக்கும் சொல்லாதே என்று எந்த பேங்கும் சொன்னதில்லை.

அதை வைத்து, பாட் அந்தக் கணக்குக்குள் நுழைவதற்கு அவர் நீளமாக ஒரு சாவியை உண்டாக்கினார். எழுத்தும் எண்ணும் கலந்து திரை முழுக்க ஓடியது. அதைக் கிளவுடில் ஒட்டினார். கிளவுட் என்றால் எங்கேயோ குளிர்தேசத்தில் ஒரு கம்பெனிக்காரருடைய கம்ப்யூட்டரில் நமக்கு ஒரு மூலை ஒதுக்கித் தருவது. இலவச மூலை. இலவசம் என்பதால் சும்மா கிடந்தால் தூங்கிவிடும். அதைத் தூங்கவிடாமல், அடிக்கடி போய்க் கதவைத் தட்டுவதற்கு இன்னோர் இலவச ஏற்பாடு செய்தார். அப்படியும் தினம் பொழுது சாயும் நேரத்துக்குக் கம்பெனிக்காரர்களே அதை ஒருதரம் அணைத்துப் போடுவார்களாம். மறுபடி எழுந்துகொண்டதா என்று தெரிய வேண்டுமே. அதற்காக எழுந்ததும் ஒரு சத்தம் கொடுக்கும்படி வைத்திருந்தார். அவர் போனில் இருந்த சத்தம் ஒன்றே ஒன்றுதான்: லிஃப்டில் வருகிற பெண்குரல். "கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்."

திங்கட்கிழமை காலை எல்லாம் முடிந்து, குரூப்பில் அந்தக் கணக்கைச் சேர்த்து, ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய லிஃப்டையே ஓட்டிக் காட்டியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார். போகும்போது செய்யாமல் விட்டது இரண்டு. அந்தக் கணக்கில் இருந்த என் பெயரையும், கழுத்தில் டேப் போட்டுக்கொண்டு நான் நிற்கிற போட்டோவையும் மாற்றவில்லை. பாட்டு முடிந்ததும் வெளியே வந்துவிடு என்று அந்தப் புரோகிராமுக்குச் சொல்லவும் இல்லை. ஓடுகிற மெஷினுக்குப் பெயர் எதுக்கு என்பது அவர் கட்சி.

ஆக, அன்றிலிருந்து குரூப்பைத் திறந்தவர்களுக்கெல்லாம் மேலே ஒரு வரி தெரிந்தது. வாய்ஸ் சாட் நடக்கிறது, உள்ளே ஒரே ஓர் ஆள், அது நான். எனக்கு மட்டும் தெரியாது. குரூப்புக்கு வரும் செய்தி கிணுகிணுவென்று தையலைக் கெடுக்கிறது என்று வாரநாளில் அதை நான் திறப்பதே இல்லை. பகல், ராத்திரி எதுவும் இல்லாமல் நான் அங்கே தனியாக, மியூட்டில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணி மட்டும் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, ராத்திரி தூங்குகிறாளா என்று விசாரித்திருக்கிறாள். குறட்டைதான் தாங்கவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு அது இன்னும் குழப்பமாகப் போய்விட்டது.

புதன்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு, இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன் என்றார். டயர் கடையை விற்றுவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தீங்களே. நானும் நுழையத்தான் பார்த்தேன். அக்கா தங்கச்சி பேசறப்ப நமக்கென்ன வேலைன்னு போனை மூடிட்டேன். ரொம்ப நேரம் பேசினீங்க போல" என்றார்.

நேற்று சாயங்காலம் நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது கால்சட்டைக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். என்னவோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. ஆமாம் அண்ணா என்று சொல்லி போனை வைத்துவிட்டு, வேலைக்குப் போயிருந்தவரை உடனே வீட்டுக்கு வரச்சொன்னேன்.

அவர் வந்தார், லேப்டாப்பைத் திறந்தார், திறந்த வேகத்தில் முகம் மாறியது. உள்ளே உட்கார்ந்திருந்த என் போட்டோவை அப்போதுதான் பார்க்கிறார். அப்புறம் கிளவுடில் பாட் என்னென்ன செய்தது என்று வரிவரியாக ஓடுகிற இடத்தைக் காட்டினார். தங்கச்சி உள்ளே வந்திருக்கிறாள். மைக்கைத் திறந்திருக்கிறாள். அண்ணன் சொன்னதுபோல ரொம்ப நேரம் இருந்திருக்கிறாள். அவள் வெளியே போவதற்குச் சற்று முன்னால் கம்பெனிக்காரர்கள் வழக்கம்போலப் புரோகிராமை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். எழுந்ததும் சத்தம் கொடுத்திருக்கிறது. சத்தம் முடிந்ததும் தங்கச்சி போய்விட்டாள்.

"என்ன பேசினான்னு கேக்க முடியுமா?"

"அது பாட்டுப் போடும். கேக்காது" என்றார். "எதையும் சேத்து வைக்கிறதில்ல."

எத்தனை நாள் காத்திருந்தேன் அவள் வாயைத் திறப்பாள் என்று. திறந்திருக்கிறாள். அவளாக, முதலில். நான் இரண்டு நாளாகத் தனக்காகக் காத்திருக்கிறேன் என்று நம்பி வந்து, மனசில் உள்ளதையெல்லாம் கொட்டியிருக்கிறாள். அதைக் கேட்க வேண்டியவள் எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்துகிற நேரத்தில் என் போட்டோவிலிருந்து, கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும் என்று பதில் போயிருக்கிறது. 'தயவுசெய்து' வேறு.

நான் அவரைப் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, இப்போதே பெயரையும் போட்டோவையும் மாற்றிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். இப்போது மாற்றினால் அங்கே இருந்தது மெஷின் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அக்காவிடம் அழுதேன் என்றால் அவளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. புரோகிராமிடம் அழுதேன் என்றால் அந்த அவமானத்துக்கு அவள் ஜென்மத்துக்கும் என் முகத்தில் முழிக்கமாட்டாள், அந்தக் குழந்தை கல்யாண வயதுக்கு வரும்வரை நான் போட்டோவில்தான் அளவெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன சத்தத்தை மட்டும் எடுத்துத் தொலையுங்கள் என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து, அந்த வரியை அழித்து, அழித்ததை என்னிடம் திரையில் காட்டவும் செய்தார்.

உண்மையைச் சொல்ல வழியில்லை. பொய் சொல்லலாம் என்றால், அவள் என்ன பேசினாள் என்று தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது? அவள் பேசியதற்குப் பதிலாக நான் மன்னிச்சிட்டேன் என்று ஆரம்பித்து, அவள் என்னை வண்டை வண்டையாகத் திட்டியிருந்தால்? அதற்கும் வாய்ப்பு இருந்தது. என் தங்கச்சியை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் அவள் பெயர். பிரித்தால் அதே கவுன். மடித்து, பாலிதீன் உறையில், ஒரு சொல் ஒரு குறிப்பு இல்லாமல். வாய்பிளந்த ஜிப் வாய்பிளந்தபடியே இருந்தது.

மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீ கதவை மூடினாயா, இந்தா உன் துணி, நீயே வைத்துக்கொள். வந்ததே ஆத்திரம். அதை அப்படியே சுருட்டித் துண்டுத்துணி மூட்டைக்குள் தள்ளிவிட்டு, அன்று கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஆனால் கை சும்மா இருக்குமா? சாயங்காலம் கடையைப் பூட்டியதும் மூட்டையிலிருந்து அதை எடுத்து மேசையில் விரித்தேன். என் தையலில் ஜிப் எப்படிப் பிய்யும் என்று பார்த்துவிடுவது, பார்த்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது என்றுதான் உள்பக்கம் திருப்பினேன்.

என் தையல் இருந்த இடத்தில் இருந்தது. மெஷின் தையல், நேர்க்கோடு, ஒரு கண்ணிகூட விடவில்லை. அதற்கு உள்பக்கம் ஒரு விரல் தள்ளி இன்னொரு தையல் ஓடியது. கையால் போட்டது. ஒற்றை நூல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து. இடுப்பின் இரண்டு பக்கமும் அப்படிப் பிடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் ஜிப் என்ன, கவுனே கிழியும்.

அந்தக் கோணல் தையலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு அவள் போட்ட கைக்குட்டை ஓரங்களையெல்லாம் வீட்டில் நான்தான் பிரித்துத் திரும்பப் போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டேதான் போடுவேன்.

அன்று அவள் மெஷினிடம் சொன்னது இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. யாருக்கும் காட்டாமல் பீரோவுக்குள் வைத்திருந்ததை எடுத்து, பிரிக்காமல், சரிசெய்யாமல், தன் குட்டு அப்படியே தெரியும்படி என்னிடம் அனுப்பியிருக்கிறாள். நான் கதவை மூடியதாக அவள் நினைத்த பிறகும் அனுப்பியிருக்கிறாள். துண்டுத்துணி மூட்டை மேலேயே உட்கார்ந்து நான் நன்றாக அழுதேன். எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு அழுகை வராது, வந்தால் சீக்கிரம் நிற்காது.

அவள் தையலைப் பிரித்தேன். கவுன் என் பழைய அளவுக்குத் திரும்பியது. புது ஜிப் வைத்தேன், நல்ல பித்தளை ஜிப்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கச்சி உள்ளே போய்விட்டாள் என்று தெரிந்ததும், டயர் படத்துக்குக் காத்திருக்காமல் நானும் நுழைந்தேன். அண்ணன் பக்கம் ஏதோ இரும்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒவ்வொருவராக மியூட் செய்துகொண்டார்கள். யாரும் வெளியே மட்டும் போகவில்லை. திரையில் என் போட்டோ இரண்டு இருந்தது, ஒன்று நான், இன்னொன்று அந்தச் சனியன். கேட்டால் அது கடை போன் என்று சொல்வதற்குத் தயாராக வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இஸ்திரி மேசைமேல் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தார்.

யார் முதலில் பேசுவது? எத்தனையோ வீராப்பான வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"கவுன் வந்துச்சு" என்றேன்.

தங்கச்சி மைக்கைத் திறந்தாள்.

"பிரிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன். சரி பண்ணி வச்சிருக்கேன்."

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டியா அக்கா?"

வந்துவிட்டது. "ஒண்ணு விடாம கேட்டேன்" என்றேன்.

"அப்படியா. என்ன சொன்னேன்?"

நான் இஸ்திரி மேசையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். திடீரென்று அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. மூக்கால் ஆரம்பித்து இருமலில் முடியும்.

"புளுகாதேக்கா. அது நீ இல்லன்னு எனக்கு அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சு போச்சு" என்றாள். "நீயா இருந்தா மூணாவது வார்த்தைக்கே குறுக்க வந்திருப்பே. அது தொண்டையைக்கூடக் கனைக்கல. கடைசியில கதவு மூடுதுன்னு சொன்னுச்சு பாரு, அப்பத்தான் இது அத்தான் வேலைன்னு உறுதியாச்சு."

என் வீட்டுக்காரர் மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்ந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு நாளாக இவள் மானத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடென்ன, இவள் எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மெஷினுன்னு தெரிஞ்சும் எதுக்குடி அவ்வளவு நேரம் பேசினே?"

"குறுக்க வராத அக்கா எனக்கு வேற எப்பக் கிடைப்பா" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கேயோ போய்க் குத்தியது. அவள் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் வாக்கியத்தையெல்லாம் நான்தான் முடித்து வைத்திருக்கிறேன். கைக்குட்டை ஓரம்போல. மண்டபத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன்.

"அதுக்கிட்ட சொன்னதை என்கிட்ட ஒருதரம் சொல்லு" என்றேன்.

"குறுக்க வரமாட்டியே?"

"வரமாட்டேன்."

"குழந்தைமேல சத்தியம்?"

"நான் இன்னும் தூக்காத குழந்தைமேல சத்தியம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். நான் மியூட்டை அழுத்தினேன், என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் கண்ணாடி முன்னால் நின்று, இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது என்று அழுதாளாம். அக்காவைக் கூப்பிட்டால் என் அளவு ஒருநாளும் தப்பாது என்று சண்டைக்கு வருவாள் என்று பயந்து, இவளே ஊசியை எடுத்தாளாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றை நூலில் யாராவது இடுப்பைப் பிடிப்பார்களா, கனத்த துணிக்கு அது எந்த மூலைக்கு என்று என் கட்டைவிரல் மியூட் பட்டன்மேல் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஜிப் பிளந்தபோது உயிரே போய்விட்டது, யார் தைத்தது என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள், வாயில் அக்கா பெயர் வந்துவிட்டது என்றாள். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். உன் பின்னாலேயே வாசல்வரை ஓடிவந்தேன் அக்கா, நீ திரும்பிப் பார்க்கவே இல்லை என்றாள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதற்கும் மியூட் வசதியாகத்தான் இருந்தது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்று தங்கச்சி குரல் உடைந்து சொன்னாள். "கடையில வாங்கினது எதுவும் தோள்ல நிக்க மாட்டேங்குது. அளவெடுக்க நீ எப்ப..."

"கதவு மூடுகிறது" என்றது என் இரண்டாவது போட்டோ, கணீரென்று. "தயவுசெய்து விலகி நிற்கவும்."

அடுக்களை வாசலில் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வரியை லேப்டாப்பில் மட்டும்தான் அழித்திருக்கிறார். திருத்தியதைத் திரும்பக் கிளவுடில் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

"அதானே பார்த்தேன்" என்றாள் தங்கச்சி. அழுகைக்கு நடுவில் சிரிக்கிறாள். "சத்தியம் பண்ணிட்டு குறுக்க வந்துட்டா பாரு அண்ணா, எங்க அக்கா."

அது நான் இல்லை. நான் சொன்ன சொல் மாறாமல் மியூட்டில் இருக்கிறேன். குரூப் முழுக்க ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து சிரிக்கிறார்கள், அண்ணன் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் குறுக்கே வரவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால், அதற்கு நான் மியூட்டை எடுத்துவிட்டு அவள் பேச்சுக்குக் குறுக்கே போக வேண்டும்.

போகவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டேன். அவள் பேசி முடிக்கட்டும்.